ஒரு 109 சிசி ஸ்கூட்டியின் சூடு: உப்புவெளி வீட்டுக் கொட்டிலில் நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரிக் கடைசியில் ஒரு மாலை, என் மருமகள், அதாவது என் தங்கையின் மகள், நிலாவெளி வீதியில் கடைசி ஒரு மைல் தூரம் தன் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு உப்புவெளியில் உள்ள என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அவள் நிலாவெளியில் இருந்து திருகோணமலை நகரத்து முன்பள்ளி ஒன்றுக்குப் படிப்பிக்கப் போய்வருகிறவள். வீட்டு வாசலில் இருந்து முன்பள்ளி வாசல் வரை 15 கிலோமீற்றர் என்பதால், வாரத்தில் ஐந்து நாட்களுக்கு 150 கிலோமீற்றர் ஓட வேண்டியிருந்தது. “மாமா, ஏத்தத்தில மூச்சு வாங்குது. ஒருக்கா நிப்பாட்டினா சூடு ஆறும் வரைக்கும் திரும்ப ஸ்டார்ட் ஆகுதில்ல” என்றாள். அதைவிட அவளை வாட்டிய கவலை பெற்றோல். 2022 ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றே அளந்தார்கள். அவளுடைய 150 கிலோமீற்றருக்கு அந்த 4 லீற்றர் போதுமாக இருக்க, வண்டி லீற்றருக்கு 37.5 கிலோமீற்றராவது ஓட வேண்டும். அது ஓடவில்லை. வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் தாங்கி வற்றிவிட, வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸை நம்பியிருந்தாள்.

மீன்பிடிப் படகுகளின் அவுட்போட் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஸ்கூட்டர் என் அன்றாட வேலை அல்ல என்றாலும், உப்புக்காற்றில் உலோகம் என்ன பாடுபடும் என்பதும், சூடு ஓர் எஞ்சினை எப்படித் தின்னும் என்பதும் கையில் ஊறிய விடயங்கள். இந்த வண்டியில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வேலை செய்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் விளைவையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதியுடன் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பியில் இருந்தே இதை எழுதுகிறேன். வீட்டில் ஸ்கூட்டியை மாற்றியமைக்கும் பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். அந்த ஆர்வம் பொருள் நட்டத்திலும் விபத்திலும் முடியக் கூடாது என்பதற்காகவே இந்த வண்டியின் கதையை விவரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டி வந்த வழி

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு புதிய ஸ்கூட்டி என்பது கடைக் கண்ணாடிக்குள்ளேயே இல்லாமல் போயிற்று. கையில் இருப்பதைத் திருத்தி ஓட்டுவதும், கைமாறி வருவதை வாங்குவதும்தான் வழி என்றானது. மருமகள் வாங்கியது, பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபுரேற்றர் வைத்த 109 சிசி ஹொண்டா டியோ. நகரத்தில் இருக்கும் ஒரு தம்பி அதை இரண்டு வருடம் வைத்திருந்து, கராஜ் ஒன்றில் காசு கொடுத்துப் பல மாற்றங்களைச் செய்வித்திருந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. “நல்ல இழுவை இருக்கு அக்கா” என்று பெருமையோடுதான் விற்றிருக்கிறார். நான் போய்க் கேட்டபோது, கழற்றிய மூலப் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரு சீமெந்துப் பையில் கட்டி வைத்திருந்ததை அப்படியே தூக்கித் தந்தார். அந்தப் பை இல்லாவிட்டால் இந்த வேலை இரண்டு மடங்கு செலவில் முடிந்திருக்கும்.

பையைக் கொட்டிப் பார்த்தும் வண்டியைக் கழற்றிப் பார்த்தும் தெரியவந்த மாற்றங்கள் வருமாறு: 50 மில்லிமீற்றர் துளை கொண்ட மூலச் சிலிண்டர் எடுக்கப்பட்டு 54 மில்லிமீற்றர் சிலிண்டரும் பிஸ்டனும் போடப்பட்டிருந்தன. சைலன்சரின் உள்தடுப்புகள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. காற்று வடிகட்டிப் பெட்டியில் ஏழு துளைகள் இடப்பட்டிருந்தன. காபுரேற்றரில் பெற்றோலை அளந்து விடும் துளையான பிரதான ஜெட் இரண்டு படி பெரிதாக்கப்பட்டிருந்தது. கியருக்குப் பதிலாக பெல்ட்டின் இழுவையை மாற்றும் வேரியேற்றரில் நிறை குறைந்த ரோலர்கள் மூன்று கலந்திருந்தன, பின்புற ஸ்பிரிங் கடினமானதாக மாற்றப்பட்டிருந்தது. முன் ரயர் சிறிதாக்கப்பட்டிருந்தது. இடக்கைப் பிரேக்கை முன்சில்லோடு இணைக்கும் கேபிள் கழற்றி விடப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் விசிறி உறை முழுதாக அகற்றப்பட்டிருந்தது.

முதலில் பிரேக், பிறகு அளவுகோல்

எஞ்சினைத் தொடுவதற்கு முன் பிரேக்கைச் சரிசெய்தேன். திருகோணமலை நகரத்தில் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புள்ளிமான்கள் வீதியை மறித்து நிற்பது புதினம் அல்ல. கோட்டை வாசலடியிலும் கடற்கரை ஓரமாகவும் அவை கூட்டமாகப் படுத்திருக்கும், ஒன்று திடீரென்று எழுந்து குறுக்கே நடக்கும். இந்த வண்டியில் இரண்டு சில்லுக்கும் 130 மில்லிமீற்றர் டிரம் பிரேக்தான். இடக்கை நெம்பை அழுத்தினால் பின்சில்லோடு முன்சில்லும் ஒருங்கே பிடிக்கும்படி ஓர் இணைப்பு இருக்கிறது. நெம்பு பாரமாக இருக்கிறது என்பதற்காக அந்த இணைப்பை யாரோ கழற்றியிருந்தார்கள். பாரத்துக்கு உண்மையான காரணம் கேபிளுக்குள் உப்பும் துருவும் சேர்ந்து இறுகியிருந்ததுதான். புதிய கேபிள் போட்டு, டிரம்மைத் திறந்து தூசியை ஈரத் துணியால் துடைத்து, நெம்பின் வெற்று அசைவை 15 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தேன். காய்ந்த தாரில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் இடக்கையை மட்டும் அழுத்தியபோது முன்பு 17 மீற்றரில் நின்ற வண்டி இப்போது 12 மீற்றரில் நின்றது. ஐந்து மீற்றர் என்பது ஒரு மானும் அதன் குட்டியும் வீதியைக் கடக்கும் அகலம்.

அடுத்தது ரயர். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. இந்த வண்டிக்குரிய ரயர் 90/100-10. பத்து அங்குல விளிம்பு 254 மில்லிமீற்றர், அதற்கு மேலும் கீழும் 90 மில்லிமீற்றர் உயரமுள்ள ரயர் சேர, முழு விட்டம் 434 மில்லிமீற்றர். முன்னால் போடப்பட்டிருந்ததோ 90/90-10. அதன் விட்டம் 416 மில்லிமீற்றர். வேகமானியும் தூரமானியும் முன்சில்லில் இருந்து கேபிள் வழியாக ஓடுகின்றன. சில்லு சிறிதானால் அதே தூரத்துக்குக் கூடச் சுற்றும், ஆகவே மானி நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேலாகக் கூட்டிக் காட்டும். மருமகள் 150 கிலோமீற்றர் ஓடிய வாரத்தில் மானி 156 காட்டியதன் காரணம் இதுவே. முன்னைய உரிமையாளர் சொன்ன உச்ச வேகத்திலும், லீற்றருக்கு இத்தனை ஓடுகிறது என்ற கணக்கிலும் இந்தப் பொய்யான நான்கு வீதம் கலந்திருந்தது. ரயரைச் சரியான அளவுக்கு மாற்றி, முன்னால் 22, பின்னால் 29 பிஎஸ்ஐ காற்று அடித்த பிறகுதான் என் அளவுகளை நானே நம்பத் தொடங்கினேன்.

அளப்பதற்கு மூன்று வழிகளை வைத்துக்கொண்டேன். முதலாவது, திங்கள் காலையில் தாங்கியை விளிம்பு மட்டும் நிரப்பி, வெள்ளி மாலையில் மீண்டும் அதே விளிம்புக்கு எவ்வளவு கொள்கிறது என்று பார்ப்பது. இரண்டாவது, உவர்மலை ஏற்றத்தில் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே, நானும் மருமகளும் ஏறி உட்கார்ந்து, விடியற்காலையில் ஏறும் நேரம். மூன்றாவது, அந்த ஏற்றம் முடிந்தவுடன் சிலிண்டர் தலையின் சூடு. சூட்டை அளக்கப் படகு எஞ்சின்களுக்கு வைத்திருந்த அகச்சிவப்பு வெப்பமானியையே எடுத்தேன். அலுமினியம் பளபளவென்று இருந்தால் இந்தக் கருவி சூட்டைக் குறைத்தே காட்டும். ஆகையால் பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தின் அளவுக்குச் சூடு தாங்கும் கறுப்பு மையைப் பூசி, எப்போதும் அந்தப் புள்ளியையே குறிவைத்தேன்.

எதையும் மாற்றாத நிலையில் கிடைத்த எண்கள்: வாரத்துக்கு 4.9 லீற்றர், அதாவது உண்மையில் லீற்றருக்கு 30.6 கிலோமீற்றர். ஏற்றத்துக்கு 49 விநாடி. சூடு 172 பாகை செல்சியஸ்.

விசிறி உறை

இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம் இந்த உறைதான். மோட்டார் சைக்கிளின் எஞ்சின் காற்றில் நேராக நிற்கிறது, ஓடும்போது எதிர்க்காற்று அதன் செதில்களில் படுகிறது. ஸ்கூட்டியின் எஞ்சின் அப்படி அல்ல. அது இருக்கைக்குக் கீழே, பக்கத் தகடுகளுக்குள் ஒளிந்திருக்கிறது, எதிர்க்காற்று அதை எட்டுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே சுழல்சில்லின் வெளிப்புறத்தில் ஒரு விசிறி பூட்டப்பட்டிருக்கிறது. விசிறி தள்ளும் காற்றைச் சிதற விடாமல் பிடித்து, சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே நெருக்கி ஓட்டி, கீழ்வழியாக வெளியேற்றுவது பிளாஸ்டிக் உறையின் வேலை. உறையைக் கழற்றினால் எஞ்சினுக்குக் காற்றோட்டம் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. மூடியைத் திறந்தால் பானை ஆறும் என்பது நமக்குப் பழக்கமான அறிவு. ஆனால் இங்கே உறை மூடி அல்ல, அது ஒரு வாய்க்கால். வாய்க்காலின் வரம்பை உடைத்தால் தண்ணீர் வயலுக்குப் போகாதது போல, உறையை எடுத்தால் விசிறியின் காற்று செதிலுக்குப் போகாது.

சீமெந்துப் பையில் உறையின் ஒரு பாதி மட்டும் இருந்தது. மறு பாதியைப் பழைய உதிரிப்பாகக் கடை ஒன்றில் தேடி எடுத்தேன். வேறு எதையும் மாற்றாமல் உறையை மட்டும் பூட்டி, அதே விடியலில், அதே ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பார்த்தேன். சூடு 172 பாகையில் இருந்து 138 பாகைக்கு இறங்கியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் துண்டு 34 பாகையைக் குறைத்ததை என் கண்ணாலேயே நம்ப முடியாமல், உறையைக் கழற்றி இரண்டாம் முறையும் ஏறினேன். 170 காட்டியது. சூட்டில் நின்ற எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கும் குறையும் உறை வந்த அன்றோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. காபுரேற்றருக்குள் பெற்றோல் கொதித்து ஆவியாகிப் போவதே அந்தக் குறைக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பெற்றோல் செலவு மட்டும் அசையவில்லை. வாரத்துக்கு 4.8 லீற்றர்.

நான் விட்ட பிழை

உறைக்குப் பிறகு காபுரேற்றருக்கு வந்தேன். இங்கே மூன்று வார இறுதிகளை வீணாக்கினேன், அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

காற்றுப் பெட்டி, பிரதான ஜெட், சைலன்சர் ஆகிய மூன்றும் ஒன்றோடு ஒன்று கட்டுப்பட்டவை. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது, எவ்வளவு புகையை வெளியே விடுகிறது என்பதைப் பொறுத்தே ஜெட் எவ்வளவு பெற்றோலைக் கொடுக்க வேண்டும் என்பது தீர்மானிக்கப்படுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற என் ஒழுங்கை இங்கே மட்டும் தளர்த்தி, மூன்றையும் ஒரே நாளில் மூல நிலைக்குக் கொண்டுவந்தேன். சைலன்சர் உள்ளே கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் ஓட்டை விழாமல் இருந்தது. காற்றுப் பெட்டிக்குப் புதியது கிடைக்கவில்லை. பழையதில் இருந்த ஏழு துளைகளையும் பெற்றோலுக்குக் கரையாத இப்பொக்சிப் பசையால் அடைத்து, உள்ளேயும் வெளியேயும் தேய்த்துச் சமப்படுத்தினேன்.

அப்படியும் எஞ்சின் ஓய்வு ஓட்டத்தில் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஏறும், இறங்கும், சில வேளை அணைந்து போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி வெள்ளையாக இருந்தது, பெற்றோல் போதவில்லை என்பதன் அடையாளம் அது. ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினேன். அடுத்த வாரம் இன்னும் ஒரு படி. முழு விசையில் ஓடினால் பிளக் கறுத்தது, ஓய்வில் நின்றால் வெளுத்தது. கறுப்பும் வெள்ளையும் ஒரே பிளக்கில் மாறி மாறி வந்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பிரதான ஜெட் வேலை செய்வது விசையை நன்றாகத் திறக்கும்போதுதான். ஓய்வு ஓட்டத்தின் குறையைப் பிரதான ஜெட்டால் தீர்க்க முயன்றது, வாசல் கதவு கிரீச்சிடுவதற்குக் கூரை ஓட்டை மாற்றியது போன்ற வேலை.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை, கை கழுவ வைத்திருந்த விசிறல் போத்தலில் இருந்து காபுரேற்றருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையிலுள்ள இணைப்பின் மேல் தண்ணீரை மெல்ல விசிறினேன். தண்ணீர் பட்ட கணத்தில் எஞ்சின் ஒரு நிலைக்கு வந்து அமைதியாக ஓடியது. நான்கைந்து விநாடியில் தண்ணீர் உள்ளே இழுபட்டதும் மறுபடி தடுமாறியது. அளவுக்கு மேலான காற்று அந்த மூட்டு வழியாகக் களவாகப் போய்க்கொண்டிருந்தது. இதே சோதனையைச் சிலர் காபுரேற்றர் கழுவும் ஸ்பிரேயால் செய்கிறார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், தண்ணீரே போதும்.

மூட்டைக் கழற்றியபோது உள்ளே இருந்த கசிவுத் தடுப்பு, பாடசாலைக் கொப்பியின் மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டது. பெற்றோலில் ஊறி, ஓரத்தில் விரல் நகத்தின் அளவுக்குக் கரைந்து போயிருந்தது. மட்டையின் ஒரு மூலையில் பெருக்கல் வாய்பாட்டின் ஒரு வரி இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. மூட்டின் முகமும் இறுக்கிய இறுக்கத்தில் சற்று வளைந்திருந்தது. கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 400 ஆம் இலக்க எமரித் தாளை விரித்து, முகத்தை எட்டு வடிவில் மெல்லத் தேய்த்து, முழுப் பரப்பும் ஒரே மங்கல் நிறமாகும் வரை மட்டப்படுத்தினேன். உரிய தடுப்பைப் போட்டு, மூல ஜெட்டைத் திரும்ப வைத்ததும் வண்டி சொன்ன சொல் கேட்டது. அந்த வாரத்துப் பெற்றோல் 4.1 லீற்றர்.

சிலிண்டருக்குள் மணல்

நீல நிறப் புகை லேசாக இருந்துகொண்டே இருந்ததால் சிலிண்டரைத் திறக்க முடிவு செய்தேன். அதற்கு முன்பே கொப்பியில் போட்ட கணக்கு ஒன்று என்னை உறுத்திக்கொண்டிருந்தது. மூல எஞ்சினின் துளை 50 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 55.6 மில்லிமீற்றர், கொள்ளளவு 109.2 சிசி, உள்ளே வந்த கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அமுக்க விகிதம் 9.5. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மீந்திருக்கும் இடம் 12.8 சிசி. துளை 54 மில்லிமீற்றர் ஆனால் கொள்ளளவு 127.3 சிசி ஆகிறது. தலை அதே தலைதான், பிஸ்டனின் உச்சியும் தட்டையானதுதான், ஆகையால் மேலே மீந்த இடம் மாறுவதில்லை. அமுக்க விகிதம் 10.9க்கு ஏறிவிடுகிறது. விசிறி உறை இல்லாமல், வெளிக்காற்றும் உள்ளே கசிய, 92 ஒக்டேன் பெற்றோலில் இந்த அமுக்கம் எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன் வெடிப்பை உண்டாக்கும். ஏற்றத்தில் கேட்ட, தகரத்தில் மணிகளைக் குலுக்குவது போன்ற ஒலி அதுதான். இரண்டு பேர் போகும் ஒரு குடும்ப வண்டிக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. பதிவுச் சான்றிதழில் 109 என்று இருக்க எஞ்சின் 127 ஆக இருப்பது, விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதிக்காரரின் முன்னால் எழப்போகும் கேள்வி என்பதையும் மருமகளுக்கு எடுத்துச் சொன்னேன்.

தலையைத் தூக்கியபோது கணக்கைவிடக் கண் அதிகம் சொன்னது. காற்று உள்ளே வரும் வழியின் அடித்தளத்தில், கன்னத்துப் பவுடர் போல, மிக மெல்லிய வெண்மணல் ஒரு படையாக ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து இரு விரலுக்கிடையே தேய்த்தேன், நறநறவென்றது. நிலாவெளிக் கடற்கரையின் மணல். காற்றுக் காலத்தில் அது வீதியைக் கடந்து பறப்பதை அந்தப் பக்கத்தார் எல்லோரும் அறிவார்கள். காற்றுப் பெட்டியின் ஏழு துளைகளில் இரண்டு, வடிகட்டியைத் தாண்டிய சுத்தமான பக்கத்தில் இடப்பட்டிருந்தன. அந்த வழியே வந்த காற்று வடிகட்டியைத் தொடவே இல்லை. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக, சீப்பால் கீறியது போல் கோடுகள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்தேன். புதிதாகப் போடும்போது 0.15 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டியது 0.55 ஆக அகன்றிருந்தது. இரண்டு வருட ஓட்டத்தில் பிஸ்டன் ரிங்கை மணல் அரைத்த கதை அது.

பையில் இருந்த மூலச் சிலிண்டரைப் பூட்டலாம் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. எண்ணெய் தடவாமல் சீமெந்துப் பையில் கிடந்த இரண்டு வருடத்தில் உப்புக்காற்று அதன் சுவரைப் பொத்தல் பொத்தலாகத் தின்றிருந்தது. நகத்தை ஓட்டினால் தடக்குப்படும் குழிகள், அவையும் ரிங் ஓடும் பகுதியில். மெருகு போட்டு மறைக்கலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார், நான் இணங்கவில்லை. புதிய 50 மில்லிமீற்றர் சிலிண்டர், பிஸ்டன், ரிங் மூன்றையும் தொகுதியாக வாங்கிப் போட்டேன். இந்த வேலையில் கை கடித்த செலவு இது ஒன்றுதான். எண்ணெய் 700 மில்லிலீற்றர் ஊற்றி, முதல் 500 கிலோமீற்றரையும் அரை விசைக்கு மேல் திறக்காமல் ஓடச் சொன்னேன். அவள் அதைச் சரியாகக் கடைப்பிடித்தாள். 300 கிலோமீற்றரில் எண்ணெயை மாற்றியபோது வடிந்த எண்ணெயில் வெயிலில் மின்னும் துகள்கள் இருந்தன. 500இல் மாற்றியபோது இல்லை. வாரச் செலவு 3.7 லீற்றர், புகை நின்றது.

வெளிப்புற நட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகுக்காக எல்லா இடத்திலும் துருப்பிடிக்காத எஃகு நட்டுகள் போடப்பட்டிருந்தன. அவை துருப்பிடிக்கவில்லைதான். ஆனால் உப்பு ஈரத்தில் அந்த எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இருந்தால் அரிபடுவது அலுமினியம். படகு எஞ்சின்களில் தினமும் பார்க்கும் நோய் இது. கழற்றும்போது இரண்டு இடத்தில் மரையும் சேர்ந்து வந்தது. மீதியை எடுத்து, மரையில் கிறீஸ் தடவித் திரும்பப் பூட்டினேன்.

ரோலர்கள்

பெல்ட் அறையைத் திறந்தபோது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டேன். கியர் இல்லாத ஸ்கூட்டியில் இழுவையைத் தீர்மானிப்பது வேரியேற்றருக்குள் இருக்கும் ஆறு சிறு ரோலர்கள். எஞ்சின் வேகம் எடுக்க எடுக்க அவை வெளிநோக்கி எறியப்பட்டு, முன்கப்பியின் ஒரு பாதியை மறு பாதியை நோக்கித் தள்ளுகின்றன. பெல்ட் மேலே ஏற, பின்கப்பி ஸ்பிரிங்கை எதிர்த்து விரிய, வண்டி உயர்ந்த கியருக்குப் போவது போல ஓடுகிறது. ரோலர் பாரமாக இருந்தால் இந்த மாற்றம் முன்கூட்டியே நடக்கும், பெற்றோல் மிச்சமாகும், ஏற்றத்தில் எஞ்சின் திணறும். இலேசாக இருந்தால் எஞ்சின் தன் முறுக்கு விசையின் உச்சமான நிமிடத்துக்கு 5500 சுற்றுகளை அண்டி நின்று இழுக்கும், பெற்றோல் கூடச் செலவாகும். மிக இலேசாக இருந்தால் சத்தம் மட்டும் மிஞ்சும்.

ஆறு ரோலர்களையும் நகரத்தில் தெரிந்த ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோய், பொன் நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். கடைக்காரர் பவுணுக்குக் காட்டும் அதே கவனத்தோடு ஒவ்வொன்றையும் துடைத்து வைத்தார். மூன்று ரோலர்கள் மற்ற மூன்றைவிடத் தலா 2.6 கிராம் குறைவு. எல்லாவற்றிலும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது, எடுக்கும்போது வண்டி உலுக்கியதன் காரணம் அதுவாகவே இருக்கும். கடினமான பின் ஸ்பிரிங், பெல்ட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கியதால் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தன. பெல்ட், மூல ஸ்பிரிங், மூல நிறை ரோலர்கள் ஆகியவற்றைப் போட்டதும் வாரச் செலவு 3.4 லீற்றருக்கு வந்தது, அதாவது லீற்றருக்கு 44 கிலோமீற்றர். ஏற்றம் 44 விநாடி.

சரியான நிலைக்கு வந்த எஞ்சினில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கும் நேரம் அதுவே என்று எனக்குப் பட்டது. ஒவ்வொன்றும் 1 கிராம் இலேசான ஆறு ரோலர்களை, ஆறும் ஒரே நிறைதான் என்று அதே தராசில் உறுதிப்படுத்திக்கொண்டு போட்டேன். ஏற்றம் 40 விநாடியாகக் குறைந்தது. பெற்றோல் 3.55 லீற்றராகக் கூடியது. இரண்டு தொகுதியையும் மேசையில் வைத்து, எதை வைத்திருப்பது என்று மருமகளையே தீர்மானிக்கச் சொன்னேன். என் மனம் பாரமானவற்றின் பக்கம்தான் இருந்தது. அவளோ, வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போகிறவள். கோட்டைக்குள்ளால் சுவாமிமலை ஏறும்போது வண்டி தயங்கினால் அம்மா பயப்படுகிறார் என்றாள். வாரத்துக்கு 150 மில்லிலீற்றர் கூடச் செலவானாலும் 4 லீற்றருக்குள் நிற்கிறதே என்பது அவள் கணக்கு. இலேசான ரோலர்கள் வண்டியிலேயே இருக்கின்றன. முன்னைய உரிமையாளர் இரண்டு வருடமும் சத்தத்துக்கும் சூட்டுக்கும் இடையே தேடிய இழுவை, ஆறு சிறு உருளைகளில் கழிக்கப்பட்ட ஆறு கிராமில் கிடைத்துவிட்டது.

அவரைப் பிறகு மடத்தடியில் ஒரு நாள் சந்தித்தேன். வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டார், கொடுத்தேன். உவர்மலை ஏறி இறங்கி வந்து, இருக்கையைத் தூக்கி விசிறி உறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். புதிதாக வாங்கியிருந்த வண்டியிலும் உறையைக் கழற்றித்தான் வைத்திருப்பதாகச் சொல்லி, அன்று பின்னேரமே வந்து கொட்டிலில் இருந்து அதைத் திரும்பப் பூட்டிக்கொண்டு போனார். அடைத்த அறைக்குள் எஞ்சினை ஓட விட்டுக் காபுரேற்றர் பார்க்க வேண்டாம், அந்தப் புகையில் உள்ள நச்சு வாயு மணமில்லாமல் ஆளைச் சாய்க்கும் என்பதையும் அவரிடம் சொல்லி அனுப்பினேன்.

ஜூலையில், கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு மதியத்தில், நாங்கள் இருவரும் ஏறி அதே இரண்டு கம்பங்களுக்கு இடையே மீண்டும் அளந்தோம். 41 விநாடி, 133 பாகை. உச்சியில் நிறுத்தி, ஐந்து நிமிடம் நின்று, சுவிச்சை அழுத்தினேன், முதல் அழுத்திலேயே பிடித்தது. சைலன்சரைத் தாங்கும் இரண்டு ஸ்டட்களில் ஒன்றின் மரை பாதி போய்விட்டது. தற்போதைக்கு அது இரட்டை நட்டில் நிற்கிறது, 3000 கிலோமீற்றரில் வால்வு இடைவெளி பார்க்கத் திறக்கும்போது புதிய மரை வெட்ட வேண்டும் என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.